வேதநாயகத்துக்குத் தாகம் எடுத்த நாள்

போன மாசி வரைக்கும் எங்கள் ஊரில் குடியை விட்டவர்கள் அத்தனை பேருக்கும் வேதநாயகம் என்று பெயர். குடியை விட்ட பிறகு அந்தப் பெயர் வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. முதலில் பெயர் வரும். குடி அதற்குப் பின்னால்தான் போகும்.

மேட்டூர் அணைக்குக் கீழே, பூங்காவுக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு மீன் வறுவல் கடை இருக்கிறது. என் பெயர் கோமளா. என் வீட்டுக்காரர் பெயர் குணசீலன். ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். குடித்த காலத்தில், நான் காலையில் வந்து கடையின் ஷட்டரைத் தூக்கும்போது அவர் வாசலில் கிடப்பார். அவரைத் தாண்டிப் போய்த்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். செதில் எடுக்கிறேன் என்று உட்காருவார். கை நடுங்கும். மீன் நழுவி மண்ணில் விழும். அதை எடுத்துக் கழுவி மறுபடி கையில் கொடுப்பேன். மறுபடி விழும். இப்படிப் பல வருஷம் போனது.

பிறகு ஒரு நாள் அவரும் கூட்டத்துக்குப் போனார்.

கூட்டம் நடப்பது ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், மூடிப்போன ஒரு தட்டச்சுப் பள்ளியில். அதை ஆரம்பித்தவர் வேதநாயகம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொடக்கத்தில் அவர் ஒருவர்தான் வருவார். எழுந்து நின்று, "என் பெயர் வேதநாயகம். நான் குடிகாரன். இன்றைக்குக் குடிக்கவில்லை" என்று காலி நாற்காலிகளிடம் சொல்லுவார். உட்கார்ந்து தானே கைதட்டிக்கொள்வார். அப்புறம் ஒரு தறிக்காரர் வந்தார். சொந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. காதில் விழுந்த பெயரையே தன் பெயராகச் சொல்லி வைத்தார். அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. மூன்றாவதாக வந்தவரும் அதையே சொன்னார். அவரும் குடிக்கவில்லை. அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

பெயரைச் சொல்லச் சொல்ல ஆள் மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். முதலில் இடது கைப் பழக்கம் வரும், ஏனென்றால் வேதநாயகம் இடது கைக்காரர். அடுத்து, மழை வருவதற்கு முன்னால் முழங்கால் வலிக்கும். பஸ் படியில் அடிபட்ட கால் அது. பவானி ரூட்டில் எந்த நிறுத்தத்துக்குப் பிறகு எந்த நிறுத்தம் என்பது தூக்கத்திலும் வாயில் வரும். கடைசியில் வேதநாயகத்தின் அம்மா செத்த நாள் நினைவுக்கு வரும். அது வந்துவிட்டால் குடி முழுசாகப் போய்விட்டது என்று அர்த்தம். முகம் மட்டும் அவரவர் முகமாகவே இருக்கும்.

ஒரு தடவை வேதநாயகத்துக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. ஊரில் நாற்பது பேருக்கு மேல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். பல் டாக்டர் அவர் ஒருவருக்குப் பிடுங்கினார். எல்லோருக்கும் சரியாகிவிட்டது.

கூட்டத்தில் மாணிக்கவேல் என்று ஒருவர் இருந்தார். கொத்தனார். அவர் மட்டும் தினமும் எழுந்து, "என் பெயர் மாணிக்கவேல்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. அவருக்கும் கைதட்டினார்கள். ஆடி மாதத்தில் அவர் குடித்துவிட்டு விழுந்து கால்வாயில் பிணமாகக் கிடைத்தார். வேதநாயகங்கள் எல்லோரும் வந்து தூக்கினார்கள். ஒரே ஆள் பல தோள்களில் தூக்கியதால் பாடை கொஞ்சம்கூட ஆடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்த அம்மா செத்த நாள் ஐப்பசியில் நினைவுக்கு வந்தது. கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்தார். கத்தியை இடது கையில் எடுத்து ஒரு கூடை ஜிலேபி மீனை நிமிஷத்தில் செதில் எடுத்து வைத்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுள் வந்து செதில் எடுத்திருந்தால்கூட நான் அப்படிப் பார்த்திருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாயைக் கூடத்தில் தனியாகப் போட்டுக்கொண்டார்.

"நீங்க உள்ள படுத்துக்குங்க தங்கச்சி. நான் இங்க இருந்துக்கறேன்" என்றார்.

நியாயம்தான். இப்போது அவர் வேதநாயகம், ரூபாவதி அக்காவின் புருஷன். வேதநாயகம் அடுத்தவன் பெண்டாட்டியை ஏறெடுத்துப் பார்க்காதவர் என்று பஸ் ஓடின ஊர் எல்லாம் பெயர். கடைக்கு வேண்டியதைச் செய்வார். தண்ணீர் தூக்கி வைப்பார். "தங்கச்சி, உப்பு கம்மியா இருக்குது" என்பார். சாயங்காலமானால் கிழக்குப் பக்கம், அக்கா வீடு இருக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போக மாட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு வேதநாயகம் இருந்தார்.

தை மாதம் என் நாத்தனார் வனிதாமணி ஓமலூரிலிருந்து வந்தாள். அவளுடைய மகளுக்குப் பங்குனியில் மஞ்சள் நீராட்டு வைத்திருந்தாள். அண்ணன் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அண்ணன் அவளுக்கு மோர் கொடுத்து, "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லீங்களே" என்றார்.

வனிதாமணி மோரைக் குடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணி, இது என்ன கூட்டமா, மடமா?"

"மடம் இல்ல வனிதா. காணிக்கை வாங்கறதில்ல. வேதநாயகம் அண்ணன் படத்தைக்கூட எங்கயும் மாட்டல. அவரும் எல்லார் மாதிரி பிளாஸ்டிக் சேர்லதான் உட்கார்றாரு."

"காணிக்கை எதுக்கு வாங்கணும்? ஆளையே வாங்கிக்கிட்டாங்களே."

"கதவுக்குத் தாழ்ப்பாகூடக் கிடையாது. போறவங்க போகலாம்."

"யாராச்சும் போயிருக்காங்களா?"

நான் மாணிக்கவேலைப் பற்றிச் சொல்லவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மீனைப் போட்டேன்.

"குடிச்சாலும் அவன் எங்க அண்ணன். சபையில தாய்மாமன் நிக்க வேண்டிய இடத்துல யாரை நிறுத்தறது? அந்த இடம் காலியா இருந்தா என் பொண்ணு மனசு என்ன ஆகும்? பங்குனிக்குள்ள என் அண்ணனை எனக்குத் திருப்பிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் எதைத் திருப்பிக் கொடுப்பது? வாசலில் கிடந்தவரையா? அந்த ஆளைக் கொடு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கூடத்தில் தனிப் பாயில் படுக்கிறவர் போதும் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம் வேதநாயகம் கடைக்கு வந்தார். முதல் வேதநாயகம். பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய கை நடுங்கியது. அதே நேரத்தில் மீன் பலகைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியை விரலில் குத்திக்கொண்டார். சாலையில் ஒரு ஆட்டோ கோணல்மாணலாக ஓடி ஓரத்தில் நின்றது. அதை ஓட்டி வந்தவரும் வேதநாயகம்தான்.

"தங்கச்சி, தாகமா இருக்குது" என்றார்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"அந்தத் தாகம் இல்லம்மா."

நான் அடுப்பைத் தணித்தேன்.

"எப்ப இருந்துங்க அண்ணா?"

"முதல்ல இருந்தே இருக்குது. அப்ப என் தாகம் மட்டும் இருந்துச்சு, சமாளிச்சேன். இப்ப வர்றவங்க ஒவ்வொருத்தரும் என் பேரை எடுத்துக்கிட்டு, அவங்க தாகத்தை என்கிட்ட விட்டுட்டுப் போறாங்க. அத்தனையையும் ஒரு தொண்டையில எப்படி வெச்சுக்கறது?"

"கூட்டத்துல சொல்லுங்களேன்."

"யாருகிட்டம்மா சொல்றது? அங்க இருக்கறதெல்லாம் நான்தானே."

என் வீட்டுக்காரர் கத்தியைப் பொறுக்கி எடுத்தார். அது மறுபடியும் விழுந்தது.

"அவங்க எல்லாம் என்னைச் சொல்லி நிறுத்தினாங்க. நான் யாரைச் சொல்லி நிறுத்தறது?" வேதநாயகம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள எனக்கு ஒரு பேரு கிடைக்கணும். இல்லைன்னா நான் குடிச்சிருவேன். நான் குடிச்சா யாரு யாரு குடிப்பாங்கன்னு உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். கால்வாயின் நீளத்தையும் நான் நினைத்துப் பார்த்தேன்.

"எங்க வீட்டுல ஒரு பேரு சும்மாதான் கிடக்குதுங்க அண்ணா" என்றேன்.

"குணசீலனா? அது குடிச்ச பேரு இல்லியா?"

"குடிக்கறதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் யோசித்தார். "ரூபாவதியை ஒரு வார்த்தை கேட்டுக்கணும்" என்றார். கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நான்தான் போனேன்.

ரூபாவதி அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியாக ஒரு வேட்டி இருந்தது. அதை நீவிக்கொண்டே பேசினார்.

"குடிச்சாலும் இந்த மனுசன் போயிருவாரு. பேரை மாத்தினாலும் போயிருவாரு. பேரை மாத்தினா உடம்பாச்சும் வீட்டுக்கு வரும்." வேட்டியை என்னிடம் நீட்டினார். "கூட்டத்துக்கு இதைக் கட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. சாயங்காலம் நானும் வர்றேன்."

திரும்பி வந்து வேதநாயகத்துக்கு எதிரில் உட்கார்ந்து குணசீலனைச் சொல்லத் தொடங்கினேன். வலது கைக்காரன். பல்லிக்குப் பயப்படுவான். விசிலடிக்க வராது, ஆனால் அடித்துக்கொண்டே இருப்பான், வெறும் காற்றுத்தான் வரும். மீனில் கருகின ஓரம்தான் பிடிக்கும். என்னை எல்லோரும் கோமளா என்று கூப்பிடும்போது அவன் மட்டும் கோமு என்பான். கல்யாணமான புதிதில், பரிசலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நாங்கள் அக்கரைக்குப் போனோம். ஆற்று நடுவில் அவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஏறி உட்கார்ந்து பெடல் மிதித்தான். சீக்கிரம் போகலாம் என்றான். பரிசல் சுற்றியது. பரிசல்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினார். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டேன். அவன் பெடலை நிறுத்தவே இல்லை.

சொல்லச் சொல்ல வேதநாயகத்தின் முகம் சின்னப் பையன் பாடம் கேட்கிற மாதிரி ஆனது. மீன் பலகைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல பையனா இருந்திருக்கான் தங்கச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமாங்க" என்றேன்.

ஒரு ஆடிப்பெருக்கு வரைக்கும் சொன்னேன். அன்று காலையில் அவன் ஆற்றில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, எனக்குத் தாழம்பூ வாங்கிக்கொண்டு வந்தது வரைக்கும்.

"அப்புறம்?" என்றார் வேதநாயகம்.

"அன்னைக்கு மத்தியானம் சிநேகிதங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. அது வேண்டாம். நீங்க தாழம்பூவோட நின்னுக்குங்க."

சாயங்காலம் தட்டச்சுப் பள்ளியில் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஆட்டோக்காரர், தையல்காரர், முதலில் வந்த தறிக்காரர், என் வீட்டுக்காரர். எல்லோருடைய கையும் ஒரே மாதிரி நடுங்கியது. நானும் ரூபாவதி அக்காவும் சுவர் ஓரமாக நின்றோம். வாசலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் ஒயின் ஷாப் இருந்தது. அங்கே வேலை பார்க்கிறவர் கம்பி வலைக்குப் பின்னால் கிளாஸ்களைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு எங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. கூட்டம் ஒரேயடியாக வந்தால் அவசரப்படாமல் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

வேதநாயகம் எழுந்து நின்றார். மடிப்புக் கலையாத அந்த வேட்டியைக் கட்டியிருந்தார்.

"என் பெயர்" என்றார்.

அதோடு நின்றுவிட்டார். எல்லாத் தொண்டைகளும் ஒன்றாக ஏறி இறங்கின. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு பெரிய மிருகம் தூங்கப் போகிறதா, எழப் போகிறதா என்று தெரியாமல் அதன் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. அவருடைய கண் வாசலுக்குப் போனது. உட்கார்ந்திருந்தவர்களின் கண்களும் வாசலுக்குப் போயின. ரூபாவதி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் வாயைத் திறக்காமல், பல்லிடுக்கில், வெறும் காற்றாக விசிலடித்தேன். எனக்கும் விசிலடிக்க வராது.

வேதநாயகம் என்னைப் பார்த்தார்.

"என் பெயர் குணசீலன்" என்றார். "நான் இதுவரைக்கும் குடித்ததில்லை."

எல்லோரும் எழுந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட வாய்கள் அதையே ஒரே மூச்சில் சொல்லின. அது உரக்கச் சொன்னதாக இல்லை. ஆனால் சுவரில் சாய்ந்திருந்த என் முதுகெலும்பு வழியாக ஏறியது. அவர்கள் சொல்லி முடித்ததும் கட்டடம் பரிசலைப் போல மெதுவாக ஒரு அரைச் சுற்று சுற்றி நின்றது. வாசலில் இப்போது ஆறு தெரிந்தது. ஒயின் ஷாப் பின்பக்கம் எங்கோ போயிருந்தது. நடுங்கிய கைகள் எல்லாம் நின்றிருந்தன. ஆட்டோக்காரர் வலது கையைத் தூக்கி, புதிதாக வாங்கின பொருளைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கைகூப்பினேன். யாரைப் பார்த்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமான புதிதில் குணசீலன் என்னை எப்படிப் பார்த்தானோ அப்படி. அப்புறம் எல்லோருக்கும் வெட்கம் வந்துவிட்டது. குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். என் பின்னால் யாரும் வரவில்லை. குணசீலன் அந்த வயசில் நாலு பேர் முன்னால் என் பக்கத்தில் நிற்கக்கூடக் கூச்சப்படுவான். அவரவர் கால் அவரவர் வீட்டுக்குப் பழகியிருந்தது. அந்தப் பக்கமாகப் போனார்கள்.

என் வீட்டுக்குப் பழகின கால் என்னோடு வந்தது. பாலத்தில் ஆள் நடமாட்டம் குறைந்ததும், "கோமு" என்று கூப்பிட்டார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறேன். "ம்" என்றேன். சும்மா கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். வழியெல்லாம் காற்றாக விசிலடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்பா சாப்பிட்டாரா?" என்றார்.

மாமனார் இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு இவர் போதையில் சமையல்கட்டில் சுருண்டு படுத்திருந்தார். எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் வனிதாமணியின் புருஷன்தான் கொள்ளி வைத்தார். இவர் மறுநாள் எழுந்து டீ கேட்டார். அழவே இல்லை. நான் இவரை உட்கார வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

அவர் அழுதார். முதலில் எங்கள் வீட்டில் மட்டும்தான் கேட்டது. அடுத்த நொடி தையல்காரர் வீட்டிலிருந்து கேட்டது. பிறகு ஆற்றோரத் தெரு, கால்வாய்த் தெரு, மலையடிவாரம், கிழக்கே ரூபாவதி அக்கா வீடு என்று ஊர் முழுவதும் கேட்டது. "அப்பா, அப்பா" என்று ஒரு மகன் அத்தனை வீட்டிலும் அழுதான். பஸ்கள் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போயின. மாமனார் ரொம்பச் சாதாரணமான மனுஷன். மாடு மேய்த்தவர். ராஜாவுக்குக்கூட இப்படி யாரும் அழுதிருக்க மாட்டார்கள். நான் எழுந்து ஒரு விளக்கு ஏற்றி வைத்துவிட்டு வந்து மறுபடியும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து கூடத்தில் தனிப் பாய் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து ரூபாவதி அக்கா மீன் வாங்க வந்தார். தலையில் பூ வைத்திருந்தார்.

"எங்கூட்டுக்காரரு என்னைக் கோமுன்னு கூப்பிடறாரு" என்றார்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"என்னங்கன்னு கேட்டேன். வேற என்ன சொல்றது?" கட்லா மீனைப் புரட்டிப் பார்த்தார். "கருகின ஓரமா குடு."

தட்டச்சுப் பள்ளியில் கூட்டம் இப்போதும் நடக்கிறது. உட்காருகிறவர்கள் யாரும் குடித்ததே இல்லை என்பதால் பேச அதிகம் இல்லை. பரிசலைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். புதிதாக யாராவது நடுங்கிக்கொண்டு வந்தால், எழுந்து குணசீலன் என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்தத் தாகத்தை எல்லாம் இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று நான் ஒரு நாள் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எந்தத் தாகம்?" என்று கேட்டார்.

பங்குனியில் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன்களும் நானும் இரண்டு பஸ்ஸில் போனோம். ஓமலூர் மண்டப வாசலில் இறங்கி, ஆளுக்கொரு தாம்பாளத்தோடு வரிசையாக நடந்தார்கள். சேலை, பழம், பூ, வெல்லம். வரிசையின் தலை மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வால் இன்னும் சாலையில் இருந்தது. நாதஸ்வரக்காரர்கள் மூச்சு வாங்க ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. வனிதாமணி வாசலில் நின்று ஒவ்வொருவரையும், "வா அண்ணா, வா அண்ணா" என்று கூப்பிட்டாள். ஒருவரைக்கூட விடவில்லை. பெண்ணுக்கு மாலை போடும்போது கழுத்து வலிக்கும் என்று எல்லோரும் சேர்ந்து ஒரே மாலையைப் பிடித்துப் போட்டார்கள்.

ஆனியில் அணையைத் திறந்தார்கள். மதகு திறந்த சத்தம் கேட்டு நான் கடையை மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆறு படியேறி வந்தது. பாதத்தை மிதியடியில் துடைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தது. தூரத்திலிருந்து வந்திருந்ததால் களைப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் இலை போட்டார். நான் வறுவல் தட்டை எடுத்தேன். ஆறு தட்டில் கிடந்த தன் மீன்களைப் பார்த்துவிட்டு, மீன் வேண்டாம், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. இரண்டு முட்டை உடைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு ஆம்லெட் ஊற்றிக் கொடுத்தேன்.